கூடங்குளத்தில் ஒரு ஹெரால்டு

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, "சார், உங்க பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னவர் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி. போன வருட ஒன்றுகூடலுக்கு நான் அதில்தான் வந்தேன். இரண்டே கதவு, தாழ்ந்த உடம்பு, முன்பக்கம் முழுவதும் வாயைப் பிளந்தாற்போல் திறக்கும் பானட். பார்த்ததும் பிள்ளைகள் அப்படித்தான் முடிவு கட்டிவிட்டார்கள். 1970 முதல் 1973 வரை நம்மோடு படித்தவர்களுக்கு அந்த வண்டியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இயற்பியல் துறைக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்ற அதே ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். மழைக்காலக் காலை வேளைகளில் நம்மில் பாதிப்பேர் அதைத் தள்ளியிருக்கிறோம். "பசங்களா, நியூட்டனோட முதல் விதி! ஒரு கை கொடுங்க" என்று பேராசிரியர் உள்ளே உட்கார்ந்துகொண்டு சொல்வார். தள்ளியவர்களுக்கு அட்டெண்டன்ஸ் உண்டு என்று ஒரு வதந்தி இருந்தது. எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. அதை விளக்கப் போனால் கோவெண்ட்ரி, மதராஸ், சோழவரம் எல்லாம் சுற்றித்தான் கூடங்குளம் வர வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1945-இல் டிரயம்ப் என்ற கம்பெனியை வாங்கியது. 1950-களின் நடுவில் புதிய சிறிய கார் ஒன்று கட்ட நினைத்தபோது அவர்களுக்கு ஒரு சங்கடம். கார் உடம்பை அச்சில் அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூடாக வார்த்துத் தர ஆள் இல்லை. அதனால் பழைய காலத்து மாதிரி தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதாவது சேஸ், செய்து அதன்மேல் துண்டு துண்டான உடம்பை நட்டு போல்ட்டால் முறுக்குவது என்று முடிவு செய்தார்கள். மற்ற கம்பெனிகள் கைவிட்டுக்கொண்டிருந்த முறை அது. வடிவம் போட்டவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1959 ஏப்ரலில் ஹெரால்டு வெளிவந்தது. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். பாளையங்கோட்டைத் தெருக்களில் பேராசிரியர் ஒரே வளைப்பில் வண்டியைத் திருப்புவதை ரிக்‌ஷாக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

சேஸ் தனி, உடம்பு தனி என்பதால் இரண்டு காரியம் நடந்தது. சட்டத்தைக் கொஞ்சம் வெட்டிக் குறுக்கி, அதன்மேல் வேறொரு உடம்பை வைத்து, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு 1962-இல் ஸ்பிட்பயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். ஹெரால்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91.5 அங்குலம், ஸ்பிட்பயரில் 83. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், எஞ்சின் பரம்பரை எல்லாம் ஒன்றே. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் ஸ்பிட்பயர்கள் விற்றன. ஆக, நம் வேப்பமரத்தடி வண்டி ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்த அண்ணன்.

இரண்டாவது காரியம் நம்மைத் தொட்டது. துண்டுகளாகக் கழற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்பி வேறொரு நாட்டில் பூட்டிக்கொள்ள இந்தக் கார் தோதாக இருந்தது. மதராஸில் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து ஸ்டாண்டர்டும் சேர்ந்து 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்து, வான்கார்டு முதலிய கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1953-இல் சுங்க வரிக் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு சர்க்கார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: வெறுமனே பூட்டுகிறவர்களுக்கு இங்கே இடமில்லை, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கடைசியில் கார் என்றால் கல்கத்தாவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஸ்டாண்டர்டு என்று மூன்றே ஆனது. ஹெரால்டு இங்கே வந்தது 1961-இல். டிரயம்ப் என்ற பெயரை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்டு என்று போட்டார்கள். எஞ்சின் 948 சி.சி. இங்கிலாந்தில் 1147, பிறகு 1296 என்று வளர்ந்துகொண்டே போனபோதும் நாம் 948-ஐ விடவில்லை. அதற்குப் பதிலாக, இங்கிலாந்துக்காரன் செய்யாத ஒன்றை நாம் செய்தோம்: 1960-களின் பிற்பகுதியில் ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தோம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். என்னுடையது அதற்கு முந்தின, 1964-ஆம் வருடத்து இரண்டு கதவு வண்டி.

நெஜமான ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அந்தக் காலத்தில் இறக்குமதி லைசென்ஸுக்கு எங்கே போவது? ஆசைப்பட்ட இளைஞர்கள் ஹெரால்டையே ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் பிறந்தது. மதராஸுக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கேதான் வருடந்தோறும் பந்தயம். ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசிடரும் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடின. இரட்டைக் கார்புரேட்டர் வைத்து, ஹெட்டைச் சீவி, கேம் ஷாஃப்டை மாற்றி, இருக்கைகளைப் பிடுங்கி எறிந்து ஓட்டுவார்கள். ஹெரால்டு எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியவர்களும் உண்டு. 1980-களின் இறுதிவரை அங்கே ஓடினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது.

சோழவரத்து வளைவுகளில் ஹெரால்டுக்கு ஒரு பொல்லாத குணம் வெளிப்பட்டது. பின் அச்சு நடுவில் மட்டும் மடங்கும் வகை. வேகமாக வளைக்கும்போது சட்டென்று காலை எடுத்தால், பின் பக்கம் தூக்கி, பின் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். ஸ்பிட்பயருக்கும் அதே வியாதிதான். 1970-இல்தான் அதற்கு மருந்து கண்டார்கள். நம் ஊரில் 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெசல் காரில் அந்தப் பின் அச்சையே எடுத்துவிட்டு, லாரி, அம்பாசிடர் போலக் கட்டை அச்சு வைத்துவிட்டார்கள். நம் மெக்கானிக்குகளுக்கு நிம்மதி. வளைவில் ஓட்டுகிற சுகம் போயிற்று என்பது என் கட்சி.

இனி கூடங்குளம். பேராசிரியர் 1984-இல் ஓய்வுபெற்றபோது வண்டியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். நான் அப்போது ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். "உன் ஊர்ல கடக்காத்து தின்னுருமேப்பா" என்றார். அவர் சொன்னது சத்தியம். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கே இருந்து ஒரு காற்று வரும் பாருங்கள், மண்ணையும் வாரிக்கொண்டு வரும். இப்போது அந்தக் காற்றில்தான் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன. மற்ற மாதங்களில் கிழக்கேயும் தெற்கேயும் இருந்து உப்பு. துருவுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை.

ஹெரால்டில் துரு பிடிக்கும் இடம் வெளியே தெரியாது. சேஸின் நடுத்தண்டில் இருந்து இருபுறமும் கை நீட்டினாற்போல் சில சட்டங்கள் வரும். உடம்பைத் தாங்குவது அவைதான். அவை இற்றுவிட்டால் முதலில் கதவு சரியாகச் சாத்தாது. கதவைத்தான் கோளாறு என்று டிங்கர்கள் தட்டுவார்கள். வியாதி கீழே இருக்கும். பேராசிரியர் சொன்ன வைத்தியம்: எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஆயிலைப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மழைக்கு முன் ஒருதரம், ஆடிக் காற்றுக்குப் பின் ஒருதரம் சேஸ் முழுவதும் பூசுவது. வேட்டி பாழ். வண்டி பிழைத்தது.

அடுத்தது தண்ணீர். உப்பு படிந்தால் கழுவ வேண்டும். கழுவுவதற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு! அதை ரேடியேட்டரில் விட்டால் இரண்டு வருடத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டி எஞ்சின் கொதிக்கும். ஆகவே திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பிளாஸ்டிக் கேனில் தாமிரபரணித் தண்ணீர் எடுத்து வருவேன். "ஊர்ல மனுசன் குடிக்கத் தண்ணி இல்ல, இவரு காருக்கு ஆத்துத் தண்ணி ஊத்துதாரு" என்று தெருவில் பேச்சு. பேசினவர்கள் மேல் குற்றமில்லை. பின்னாளில் எங்கள் ஊரில் அணுமின் நிலையம் வந்தபோது அதற்கும் இந்தக் கதைதான். பேச்சிப்பாறைத் தண்ணீர் என்று முதலில் திட்டம் போட்டு, கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைத்தான் கட்டினார்கள். அணு உலைக்கே அந்தப் பாடு என்றால் 948 சி.சி. எம்மாத்திரம்.

உதிரி பாகங்களுக்கு அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை. காரணம் மதராஸ். இன்னும் உள்ளே போனால், காரணத்தில் ஒரு பங்கு நம்முடைய சீமையே என்று சொல்லுவேன். பிஸ்டன், ரிங் செய்த இந்தியா பிஸ்டன்ஸை 1949-இல் தொடங்கிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் நம் சீமைக்காரர். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-இல் பிறந்தது வள்ளியூருக்கு மேற்கே உள்ள திருக்குறுங்குடியில். 1955-இல் அவர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் லூக்காஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பாடியில் செல்ஃப் மோட்டார், டைனமோ செய்யத் தொடங்கினார்கள். அடுத்து பிரேக் வந்தது. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் லூக்காஸ் சாமான், இங்கே லூக்காஸ் டி.வி.எஸ். சாமான். செல்ஃப் எடுக்காமல் நடு ரோட்டில் பானட்டைத் தூக்கி, முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு (ஹெரால்டில் அந்த வசதி உண்டு) பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது இந்தப் பெயர்களைப் பார்த்து ஒரு பெருமிதம் வரும். பிறகு ஹேண்டில் போட்டுச் சுற்றினால் பெருமிதம் குறைந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 1991-இல் நடந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வண்டியோடு பேராசிரியர் எனக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கொடுத்தார். 1964-இல் இருந்து எந்தத் தேதியில், எத்தனையாவது மைலில், என்ன வேலை பார்த்தது என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். நான் அதைப் பத்திரமாக பீரோவில் வைத்தேன். பத்திரமாக வைத்தேனே தவிர, முதல் நாலு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. வண்டி சர்வீஸுக்கு ஒரு இடத்தில் விடுவேன். நல்ல பெயர் உள்ள இடம்தான்; பெயர் வேண்டாம். அவர்கள் எல்லா வண்டிக்கும் அடிப்பது போல் முன் சக்கரத்துக்கும் கிரீஸ் கன் வைத்து நன்றாகக் கிரீஸ் அடித்து அனுப்புவார்கள். நானும் காசு கொடுத்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் தை மாதம் பேராசிரியர் கன்னியாகுமரி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். என் வண்டியிலேயே, அதாவது அவர் வண்டியிலேயே, அழைத்துப் போனேன். திரும்பி வருகையில் காவல்கிணறு விலக்கில் டீ குடிக்க ஓரம் கட்டினேன். கிளம்பும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்லத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் முகம் குப்புற மண்டியிட்டது. சக்கரம் உடம்புக்கு அடியில் மடிந்து கிடந்தது. ஐந்து மைல் வேகம்கூட இல்லை. பத்து நிமிஷம் முன்னால் நாற்பத்தைந்தில் வந்துகொண்டிருந்தோம். எதிரே லாரிகள். அதை நினைத்து எனக்குக் கை நடுங்கியது. சார் இறங்கி, குனிந்து பார்த்து, ஒரே கேள்விதான் கேட்டார்: "எண்ணெய் விட்டியா, கிரீஸ் அடிச்சியா?"

மேலப்பாளையத்தில் இருந்து வந்த மெக்கானிக் பாயும் அதையேதான் கேட்டார். "என்ன சார்வாள், இதுக்குப் போயி கிரீஸா அடிச்சிய? இது கிரீஸ் கேக்காது, தொண்ணூறு நம்பர் ஆயில்லா கேக்கும்!"

விஷயம் இதுதான். ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான தண்டின் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கொஞ்சம் திருகி, கொஞ்சம் அவிழும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை திரும்பும் திசையே வேறு. மாற்றிப் போட முடியாது. இந்த மரைக்குள் கெட்டியான கிரீஸ் போகாது. வெளியிலேயே கட்டிக்கொண்டு, உள்ளே வறண்டுவிடும். வறண்ட இடத்தில் ஈரம் நுழையும்; எங்கள் ஊரில் உப்பு ஈரம். மரையின் அடியில் துரு அரித்து, ஒருநாள் தண்டு முறியும். ஸ்டியரிங் முழுதாக ஒடிந்திருக்கும்போதுதான் அதன்மேல் முறுக்கு அதிகம் என்பதால், மெதுவாகத் திரும்பும்போது முறிவதே வழக்கம். செய்ய வேண்டியது சின்ன வேலை. கட்டையில் உள்ள பிளக்கைக் கழற்றி, அங்கே ஒரு நிப்பிளைப் போட்டு, கிரீஸ் கன்னுக்குள் கிரீஸுக்குப் பதில் 90 நம்பர் கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகாது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: "முன் டிரன்னியன் – ஆயில் மட்டும். கிரீஸ் கூடாது." சார் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1998-இல் அவர் காலமாகும் வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முறிந்த தண்டுக்கு மாற்று கிடைத்ததும் ஒரு கதை. கம்பெனியே அப்போது இல்லை. கெசல் 1977-இல் நின்றது. பிறகு வேன் மட்டும் செய்தார்கள். 1985-இல் இங்கிலாந்து ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வான்கார்டு காலத்து எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தார்கள். மாருதி வந்துவிட்ட காலத்தில் அந்த விலைக்கும் அது குடிக்கிற பெட்ரோலுக்கும் யார் வாங்குவார்கள்? 1988-இல் ஆலை மூடப்பட்டது. மிஞ்சின ரோவர் சாமான்களை இங்கிலாந்து உதிரிபாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து வந்தது அங்கேயே போயிற்று. ஹெரால்டு சாமானோ பழைய இரும்புக் கடைகளில் சிதறியது. எனக்கு வேண்டிய தண்டை பாய் தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில், கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு ஹெரால்டின் அடியில் இருந்து கழற்றி வந்தார். அதில் மரை புதுசு போல் இருந்தது. அந்த வண்டியை வைத்திருந்த புண்ணியவான் எண்ணெய்தான் விட்டிருக்கிறார்.

அதன் பிறகு வந்த தொல்லைகள் வேறு தினுசு. 2000 பிப்ரவரியில் இருந்து நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். ஊருக்கு நல்லது. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. அது போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஹெட்டை இறக்கி, கடினமான வளையம் பதித்து வால்வு சீட்டிங் செய்தேன். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊற வைத்து இளக்கிவிடும். குழாய்களை எல்லாம் மாற்றியாயிற்று. ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள் என்று பழைய வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவகாரம் தனிப் புராணம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று, அப்புறமும் ஏறியது. 2021-இல் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வின்டேஜ்' பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். தனி நம்பர் பலகை, பத்து வருடத்துக்குப் பதிவு. ஆனால் கண்காட்சி, ஊர்வலம் தவிர தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. நான் அதற்குப் போகவில்லை. சந்தைக்குப் போகாத வண்டியை வைத்து என்ன செய்ய? வாரம் ஒருமுறை ராதாபுரம் வரைக்குமாவது அது போய் வர வேண்டும். நின்றால் ஆயில் சீல் காய்ந்துவிடும், எனக்கும்தான்.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் வைத்திருப்பது கம்ப்யூட்டர் சொருகிப் பார்க்கும் பட்டறை. நல்ல பையன், என் வண்டியைப் பார்த்தால், "மாமா, இதை எங்க சொருகதுக்கு?" என்று சிரிப்பான். போன மாதம் அவனைக் கீழே படுக்கவைத்து, பிளக்கைக் கழற்றச் சொல்லி, கன்னில் 90 நம்பர் ஆயில் நிரப்பி அடிக்கச் சொன்னேன். இடது பக்கம் முடித்துவிட்டு வலது பக்கத்துக்கு அவனே போனான். சாரின் நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு படி அவனுக்கும், ஒரு படி நம் இயற்பியல் துறை நூலகத்துக்கும் கொடுத்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தைப் பார்க்கவும்.

இந்த வருட ஒன்றுகூடலுக்கும் வண்டி வரும். அதே வேப்பமரத்தடியில் நிறுத்த முதல்வர் அனுமதி தந்திருக்கிறார். காலையில் தள்ள நாலு பேர் தேவைப்படலாம். அட்டெண்டன்ஸ் பற்றி நான் வாக்குறுதி தர முடியாது. மற்றொன்று: முன் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் வெடித்துவிட்டது, மழை உள்ளே வருகிறது. யார் வீட்டுப் பரணிலாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு இரண்டு கதவு மாடலின் ரப்பர் கிடந்தால் சங்கச் செயலாளரிடம் சொல்லி வையுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.